ஆளி எண்ணெயும் ஒரு லாந்தரும்

போன வாரம் என் வீட்டு வாசற்கதவுக்கு எண்ணெய் பூசினோம். பழைய கதவு, வெயிலில் வெடித்துப்போயிருந்தது. ஆசாரி ஒரு தகரக் குவளையில் காய்ச்சிய ஆளி விதை எண்ணெயைக் கொண்டுவந்து, என் பழைய வேட்டியைக் கிழித்து, தொட்டுத் தொட்டுத் தேய்த்தார். மீன் நாற்றமும் புது மர வாசனையும் கலந்தாற்போல ஒரு நெடி வீடு முழுக்க நின்றது. உங்களுக்குத் தெரிந்த நெடிதான். வேலை முடிந்ததும் எண்ணெய்க் கந்தல்களை ஒன்றாகச் சுருட்டி மூலையில் போட்டுவிட்டு ஆசாரி சாப்பிடப் போனார். நான் போய் அந்தச் சுருட்டைப் பிரித்து, ஒவ்வொரு துண்டாக முற்றத்துக் கொடியில் இடைவெளி விட்டு விரித்துப் போட்டேன்.

திரும்பி வந்தவர் கொடியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கந்தலை எதுக்கு சார் காயப்போடுறீங்க? எறியறதுதானே?"

"காய்ஞ்சப்புறம் எறியலாம்."

"வேட்டிய விட மனசு வரல போல," என்று சொல்லிவிட்டுக் கூலிக்கு நின்றார். என்னைக் கஞ்சன் என்று அவர் முடிவு செய்ததில் எனக்கு வருத்தமில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் அதைவிட மோசமாக முடிவு செய்திருப்பார்.

உலகச் சண்டைக் காலத்தில் துணிக்கு ரேஷன் கார்டு வந்தபோது, அரியலூர் ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு பழைய கடலைக் கிடங்கைத் துணிக் கிடங்கு ஆக்கினார்கள். நீங்கள் கிடங்கு குமாஸ்தா, சாவி உங்களிடம். நான் எழுத்து குமாஸ்தா, பேனா என்னிடம். ரயிலில் வரும் மூட்டைகளை எண்ணி இறக்கி, உடையார்பாளையம், ஆண்டிமடம் பக்கத்துக் கடைகளுக்கு மாட்டுவண்டியில் அனுப்புவது நம் வேலை. மனிதர்கள் மானத்தை மறைப்பதற்கு அரசாங்கம் நியமித்திருந்த இரண்டு பேர் நாம். அதை ஒரு பெருமையாகவே நான் எண்ணியிருந்தேன்.

உங்களுக்கு ஒரே ஒரு பகை இருந்தது, எண்ணெய்க் கை. துக்க வீட்டாரைத் தவிர அரியலூரில் எல்லோர் தலையும் எண்ணெய்த் தலைதான். தலையைத் தடவிய கையோடு மல் துணியைப் பிடித்துப் பார்க்க வருவார்கள். வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் சீயக்காய்த் தூளும் வைத்திருந்தீர்கள். மிராசுதாராக இருந்தாலும் கை கழுவாமல் உங்கள் துணியைத் தொட முடியாது.

"பருத்தி எண்ணெயக் கண்டா விடாதுங்க," என்பீர்கள். "குடிச்சுட்டு கம்முனு உக்காந்திருக்கும். அது என்ன பண்ணும்னு வெளக்குத் திரிக்குத்தான் தெரியும்."

அதைக் கேட்டு நான் சிரிப்பேன். புத்தகம் படிக்கிறவன் என்பதால் என்னை நீங்கள் 'பண்டிதரே' என்று கூப்பிடுவீர்கள். கேலி என்று தெரிந்தும் எனக்கு அது பிடித்திருந்தது.

அந்த வருஷம் வண்டியில் போன மூட்டைகள் இரண்டு தடவை மழையில் நனைந்தன. தார்ப்பாய் எல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டது. பூஞ்சை பிடித்த சேலையைப் பெண்கள் கொண்டுவந்து நம் மேசைமேல் போட்டார்கள். என்ன செய்யலாம் என்று மேலதிகாரி நம் இருவரையும் கூப்பிட்டுக் கேட்டார். முதலில் பேசியது நீங்கள்தான்.

"பெரம்பலூர் பக்கத்துல ஆட்டுக்காரங்க கறுப்புக் கம்பளி நெய்யறாங்க. மயிரைக் கழுவாம அப்படியே நூக்கறதுங்க. ஆட்டோட கொழுப்பு அதுலயே இருக்கும். அத போத்திக்கிட்டு நாள் பூரா மழையில நிக்கறாங்க, ஒரு சொட்டு எறங்கறதில்லை. பத்துப் பன்னெண்டு வாங்கி மூட்டை மேல போட்டா போதும்."

மேலதிகாரி யோசித்தார். சரி என்றே சொல்லியிருப்பார். நான் குறுக்கிட்டேன்.

"அரசாங்கத் துணி ஆட்டு நாத்தம் அடிக்கும் சார்."

அதோடு நின்றிருக்கலாம். திருச்சி ஜங்ஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் படித்திருந்ததைச் சொன்னேன். கெட்டியான பருத்தித் துணிக்குக் காய்ச்சிய ஆளி எண்ணெயை மூன்று தடவை பூசிக் காயவைத்தால் அதுவே தார்ப்பாய். அந்த எண்ணெய் காய்ந்து தோலாகிவிடும், தண்ணீர் புகாது. மேலதிகாரியின் முகம் மலர்ந்தது. ஆட்டுக்காரன் சொன்னதைக் கேட்டோம் என்று மேலே எழுத முடியாது. பத்திரிகையில் வந்ததை எழுதலாம்.

நான் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. பக்கத்தின் அடிவரை படித்திருந்தேன். அதற்குள் ரயில் வந்துவிட்டது, பக்கத்தைப் புரட்டவில்லை. அடுத்த பக்கத்தில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

திருச்சியிலிருந்து எண்ணெய் டின்கள் வந்தன. புரட்டாசி வெயிலில், கிடங்குக்குப் பின்னால் இருந்த பொட்டலில் கூலியாட்களை வைத்துப் பூசினோம். இரண்டு பூச்சு நன்றாகக் காய்ந்தது. துணி பழுப்பேறி மினுங்கியது. மூன்றாவது பூச்சு போட்ட சனிக்கிழமை, மூன்று மணிவாக்கில், வடக்கே கறுத்து மழை இறங்கியது. எல்லோரும் ஓடி, பிசுபிசுப்போடு அப்படியே மடித்து, கிடங்கின் மூலையில் மார்பளவு அடுக்கினோம். பூசிய கந்தல்களை ஒரு சாக்கில் திணித்து அதன்மேல் வைத்தோம். பக்கத்திலேயே தீபாவளிக்கு வந்த மூட்டைகள்.

"காயவேயில்லையே பண்டிதரே. இப்படி மடிச்சு அடுக்கலாமா?"

"ஒட்டிக்கும், அவ்வளவுதான். திங்கக்கிழமை பிரிச்சுக் காயப்போடலாம்."

"கைய வச்சா என்னமோ வெதுவெதுப்பா இருக்கு."

"வெயில்ல கிடந்ததுதானே?"

ஆட்கள் போனபின், மழை விடும்வரை வெளியே கூரையின் இறவாரத்தில் நின்று நான் ஒரு சிகரெட் பிடித்தேன். நீங்கள் பக்கத்தில் மூக்குப்பொடி போட்டுக்கொண்டிருந்தீர்கள். பிடித்து முடித்ததும் மழைத் தண்ணீர் ஓடிய பள்ளத்தில் துண்டைப் போட்டேன். அது அணைந்ததை நான் பார்த்தேன். நீங்கள் பார்த்தீர்களா என்று நான் யோசிக்கவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் திரும்பிப் பார்த்தபோது, கூரை ஒழுகுகிறதா என்று பார்க்க நீங்கள் லாந்தரோடு உள்ளே போவது தெரிந்தது. அதை நான் மறக்கவில்லை.

மறுநாள் ஞாயிறு. பொழுது விடிந்து, நான் பால் வாங்கப் போகும்போது ரயிலடிப் பக்கம் புகை தெரிந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது கூரை உட்கார்ந்துவிட்டது. நீங்கள் கிணற்றடியில் ஈர வேட்டியோடு நின்றீர்கள். புருவம் கருகியிருந்தது. என்னைப் பார்த்தீர்கள். நானும் உங்களைப் பார்த்தேன். நாம் இருவரும் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஊர் பல காரணம் சொன்னது. ஜப்பான்காரன் விமானத்திலிருந்து குண்டு போட்டுவிட்டுப் போனான் என்று டீக்கடையில் ஒருவர் சத்தமே கேட்காத விமானத்தை வருணித்தார். துணியை முன்பே விற்றுவிட்டுக் கொளுத்திவிட்டார்கள் என்றது இன்னொரு கட்சி. இந்தக் கட்சிக்குத்தான் ஆள் அதிகம். அந்தத் தீபாவளிக்கு அந்தப் பக்கத்துக் கிராமங்களில் புதுத்துணி இல்லை. கடைத்தெருவில் உங்களைப் பார்த்து ஒருத்தி சத்தமாகவே சொன்னாள்:

"நமக்கு முன்னாடியே ஐயா மத்தாப்பு கொளுத்திட்டாங்கடீ. எம்புள்ள பழைய பாவாடையோட ஒக்காந்திருக்கு."

நீங்கள் நின்று கேட்டுவிட்டுத்தான் நடந்தீர்கள்.

விசாரணைக்கு வந்த அதிகாரி கெட்டிக்காரர். தீ என்றால் அதைப் பற்றவைக்க ஒரு கை வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. "கிடங்குல யாராவது புகை பிடிச்சீங்களா?" என்று முதலில் என்னைக் கேட்டார். இல்லை என்றேன். இறவாரம் கிடங்கு ஆகாது என்று எனக்கு நானே சட்டம் சொல்லிக்கொண்டேன். நீங்கள் சுவரோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு, கேட்பதற்கு முன்பே பேசினீர்கள்.

"லாந்தர உள்ள வச்சுட்டு வந்தது நான்தானுங்க. திரிய எறக்கிட்டேன்னு நெனச்சேன். எறக்கல போல."

அதிகாரி பேனாவை மூடினார். ஒரு மனிதரின் கவனக்குறைவு கிடைத்துவிட்டால் வேறெதையும் தேட வேண்டியதில்லை. அறிக்கையை எனக்கு ஆங்கிலத்தில் சொல்லி எழுதவைத்தார். இரண்டு இடத்தில் அவருடைய வாக்கியம் தடுக்கியது. நான் திருத்தித் தந்தேன், பாராட்டினார். உங்களை வேலையிலிருந்து நீக்கிய வாக்கியம் இலக்கணச் சுத்தமாக இருந்ததற்கு நான் பொறுப்பு.

நீங்கள் குடும்பத்தோடு பெரம்பலூருக்கு, மாமனார் வீட்டுக்குப் போனீர்கள். கடலை எண்ணெய் ஆலை ஒன்றில் மூட்டை நிறுக்கும் வேலை கிடைத்தது என்று கேள்விப்பட்டேன். எண்ணெய்க் கையை வாசலிலேயே நிறுத்திய மனிதர் நாள் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கில் நின்றார். நான் வருஷத்துக்கு ஒரு தடவை கடிதம் எழுதினேன். நடந்ததைப் பற்றி ஒரு வரியும் எழுதியதில்லை. உங்களை மன்னித்துவிட்டதாக நினைத்தேன். யாரிடமும் உங்களை விட்டுக்கொடுத்துப் பேசியதில்லை. "மனுஷன்னா தப்பு வரும்" என்பேன். அப்படிச் சொல்லும்போதெல்லாம் என் நல்ல குணத்தை நினைத்து எனக்கே நெஞ்சு இளகும். என் கையால் அடுக்கிய அடுக்குக்காக உங்களை மூன்று வருஷம் பெருந்தன்மையாக மன்னித்துக்கொண்டிருந்தேன்.

போன மார்கழியில் என் மைத்துனன் வந்திருந்தான். ரயில் பட்டறையில் வேலை பார்ப்பவன். தையல் மெஷினுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்த துணியை என் மனைவி கூடையில் போட்டாள். பேச்சுவாக்கில் அவன் சொன்னான்:

"இது பரவால்லக்கா. எங்க பட்டறையில எண்ணெய்ப் பஞ்சை இப்படிப் போட்டா சம்பளத்துல பைன் புடிச்சுருவாங்க. மூடி போட்ட இரும்புத் தொட்டியிலதான் போடணும். அதுலயும் பெயின்ட் பிரிவுல ஆளி எண்ணெய்த் துணி இருக்கே, குவிச்சு வச்சீங்கன்னா தானாப் பத்திக்கும்."

"தானாவா?" என்றேன்.

"தானாத்தான் மாமா. காயும்போது அந்த எண்ணெய்க்குச் சூடு வருமாம். விரிச்சுப் போட்டா காத்துல போயிடும். குவிச்சா உள்ளயே ஏறிக்கிட்டே இருக்கும். பருத்தி வேறயா, கேக்கணுமா?"

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

தை பிறந்ததும் பெரம்பலூர் பஸ் ஏறினேன். ஆலையில் நிறைகோலுக்குப் பக்கத்தில் உங்களைப் பார்த்தேன். இளைத்திருந்தீர்கள். வெளியே வேப்பமரத்தடியில் நின்று மைத்துனன் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"அப்ப உங்க சிகரெட் இல்லியா?"

"நான் தண்ணியில போட்டேனே."

"நான் பாக்கலியே. அதுதான்னு நெனச்சுட்டேன்."

"அப்ப லாந்தர்?"

"நான் அணைச்சுட்டுத்தான் வந்தேன்."

"பின்ன எதுக்கு அப்படிச் சொன்னீங்க?"

"உங்களுக்கு அப்பதான் புள்ள பொறந்திருந்துச்சு. எனக்கு மாமனார் வூடாவது இருந்துச்சு." பொடி மட்டையை எடுத்துத் தட்டினீர்கள். பிறகு சிரித்தீர்கள். "கவர்மெண்டு ரெண்டு முட்டாளுக்குச் சம்பளம் குடுத்திருக்கு பாருங்க பண்டிதரே."

நானும் சிரித்தேன். அது என் ஆயுளில் நான் சிரித்த ஆக மோசமான சிரிப்பு. உங்கள் பெயரில் விழுந்த பழியைத் துடைத்துத் தரச்சொல்லி மேலே மனு எழுதப்போகிறேன் என்றேன். நீங்கள் அதில் அக்கறை காட்டவில்லை. வேறொன்று கேட்டீர்கள்.

"மனு கெடக்கட்டும். வூட்டுல ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. அன்னியிலேருந்து லாந்தர என் கையில தரமாட்டேங்குறா. ஏத்துறதும் அவதான், அணைக்கிறதும் அவதான். நான் தொட்டா திரும்ப வந்து பாப்பா. நான் சொன்னா நம்பமாட்டா, நான்தானே ஒத்துக்கிட்டவன். நீங்க படிச்சவரு, நீங்க சொன்னா நம்புவா."

உங்கள் வீடு அங்கிருந்து இரண்டு தெரு. பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. நான் சொன்னேன்: "வெறும் வாயால சொன்னா எப்படிங்க? மேலேருந்து உத்தரவு வரட்டும். காகிதத்தோட வந்து முறையா சொல்றேன்."

நீங்கள் சரி என்றீர்கள். அவ்வளவு எளிதாகச் சரி சொல்லும் மனிதரை நான் இன்னும் பார்க்கவில்லை.

மனுவை ஏழு தடவை எழுதினேன். முதல் பிரதியில் நடை கனத்திருந்தது. இரண்டாவதில் அதிகாரிக்கு உறுத்தும் ஒரு சொல் இருந்தது. நான்காவதில் என் பெயர் வரும் இடத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஐந்தாவதில் அந்த இடத்தை எடுத்துவிட்டேன். எடுத்தபின் அதில் சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. அப்படியே மாசி போயிற்று, சித்திரை போயிற்று. ஆடியில் உங்களுக்குக் காய்ச்சல் கண்டு நான்காம் நாள் போய்விட்டீர்கள் என்று தந்தி வந்தது. ஏழாவது பிரதி மேசையில் இருந்தது. குறை சொல்ல முடியாத ஆங்கிலம்.

சாவுக்கு வந்தேன். அன்று சொல்ல முடியவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்கு எப்போதும் ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது.

ஆசாரி கதவுக்குப் பூசி மீந்த எண்ணெயை ஒரு பாட்டிலில் ஊற்றிக்கொண்டு நேற்று பெரம்பலூர் போனேன். மதுவிலக்கு வந்த பிறகு பாட்டிலோடு பஸ் ஏறுகிறவனை யாரும் மரியாதையாகப் பார்ப்பதில்லை. கண்டக்டர் தக்கையை எடுத்து மோந்து பார்த்தார். "இதக் குடிச்சா ஜெயில் இல்ல சார், நேரா ஆஸ்பத்திரிதான்," என்று திருப்பித் தந்தார்.

உங்கள் வீட்டில் அண்ணி என்னை உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார்கள். ஒரு பழைய மண்பானையும் கிழிந்த துணியும் வேண்டும் என்றேன்.

"எதுக்கு தம்பி? மருந்து காய்ச்சவா?"

"ஒண்ணு காட்டணும் அண்ணி. கொஞ்ச நேரம் ஆகும்."

கொடியில் கிடந்த துணியை உருவித் தந்தார்கள். அது உங்கள் மேல்துண்டு. வேறு கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதையும் இரண்டு பழைய சேலைத் துண்டுகளையும் எண்ணெயில் நனைத்துப் பிழிந்து, பானையில் தளர்வாகத் திணித்து, கொல்லையில் வெயிலில் வைத்தேன். அப்போது பதினொன்று இருக்கும். காத்திருந்தோம். அண்ணி சோறு போட்டார்கள். கடலை விலை பற்றிப் பேசினோம். உங்கள் பெண்ணின் பள்ளிக்கூடம் பற்றிப் பேசினோம். நடுவில் இரண்டு தடவை அவர்கள் கொல்லைப்புறம் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். எனக்கு மூளை கலங்கிவிட்டதோ என்ற கேள்வி அதில் இருந்தது. அதைக் கேட்காத மரியாதையும் இருந்தது.

இரண்டரை மணிக்குக் கூப்பிட்டேன். "உள்ள கைய வச்சுப் பாருங்க அண்ணி."

வைத்தார்கள். உடனே எடுத்துவிட்டார்கள். திரும்பவும் வைத்தார்கள்.

"காய்ச்சக்காரன் நெத்தி மாதிரி இருக்கு. நெருப்பு வச்சீங்களா?"

"இல்லைங்க. நீங்க பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

அங்கேயே நின்றோம், அரை மணி கழித்துப் பானையிலிருந்து நூல் போல வெள்ளைப் புகை எழும்பியது. துணியைக் குச்சியால் வெளியே இழுத்துப் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். உங்கள் துண்டின் நடுப்பகுதி காப்பி நிறத்தில் கருகியிருந்தது. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். கம்பளி, பத்திரிகை, மழை, அடுக்கு, சிகரெட், அறிக்கை. இந்தத் தடவை என் பெயர் வரும் இடத்தை விடவில்லை.

அவர்கள் கேட்டு முடித்து, அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப அவரு அணைச்சுட்டுத்தான் வந்தாரா?"

"ஆமாங்க."

"இது அவருக்குத் தெரியுமா?"

"தை மாசமே சொல்லிட்டேன்."

"தையிலயா?" விரலை மடக்கி மாதங்களை எண்ணினார்கள். "எனக்கு ஏன் சொல்லல?"

மனு என்றேன். உத்தரவு என்றேன். அந்தச் சொற்கள் அந்தக் கொல்லையில் எப்படிக் கேட்டன என்று உங்களுக்கு எழுத எனக்குத் தெரியவில்லை. அவர்கள் கோபப்படவில்லை. துண்டை எடுத்துப் பிழிந்து, உதறி, கொடியில் நன்றாக விரித்துப் போட்டார்கள். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்கள்:

"ஆடியில, காய்ச்சல் வந்த அன்னிக்கு, எந்திரிச்சுப் போய் லாந்தர அணைக்கப் பாத்தாரு தம்பி. கையத் தட்டிவிட்டேன்."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் என் கையில் ஆளி எண்ணெய் வாசனை அடித்தது. வீட்டுக்கு வந்து சீயக்காய் போட்டு மூன்று தடவை கழுவினேன், போகவில்லை. மேசையில் ஏழாவது பிரதி இருந்தது. அதை எடுத்துவிட்டு எட்டாவது எழுதினேன். எட்டு வரிதான். நடை நன்றாக இல்லை. இன்று காலை தபாலில் சேர்த்துவிட்டேன். உத்தரவு வந்தாலும் வராவிட்டாலும் இனி அதற்காக யாரும் காத்திருக்கவில்லை.

இப்போது பொழுது சாய்ந்துவிட்டது. என் மனைவி லாந்தரை ஏற்றிக் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். எழுதி முடித்ததும் நான்தான் அணைக்க வேண்டும். திரியை இறக்கக் கையை நீட்டும்போதெல்லாம் இனி எனக்கு அந்தத் தட்டு விழும். அது உங்கள் கையில் விழுந்தது. விழுந்திருக்க வேண்டியது என் கையில்.